பென்சிலில் எட்டு

வரைபடத்தில் தேடினால்
விரல் முதலில் பிரேசிலில் வழுக்கும்,
பிறகு அர்ஜென்டினாவில்.
இரண்டு பெரிய தோள்களுக்கு நடுவே
பேருந்தில் ஒண்டி உட்கார்ந்த பயணி மாதிரி
பராகுவே.

கடல் கிடையாது. கடற்படை உண்டு.
சிரிக்காதீர்கள், ஆறு அவ்வளவு அகலம்.
அந்த ஆறுதான் நாட்டை வகிர்ந்து போகிறது.
கிழக்கே செம்மண், மரவள்ளி, சோயா,
சனம் முழுக்க அங்கே.
மேற்கே சாக்கோ:
பாதிக்கு மேல் நிலம்,
நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை.
கோடாலி முறிப்பான் என்றே பெயர் வாங்கிய மரமும்
பானை வயிற்றில் தண்ணீர் பதுக்கும்
குடிகார மரமும்
முள்ளும்
புழுதியும்.

நிமியா கபான்யாஸ் அங்கேதான் போகிறாள்.
அரசாங்கத்தின் நீல மேல்சட்டை,
கழுத்தில் அட்டை,
மடியில் குடிக்கணக்குப் படிவக் கட்டு.
சீப்பா ரொட்டி விற்கிறவள் வழியில் ஏறி
கூடையை அவள் தலைக்கு மேலாகத் தூக்கிப் போனாள்.
பக்கத்து இருக்கைக்காரர் கேட்காமலே
கொம்புக் குவளையை நீட்டினார்.
குளிர்ந்த தெரெரே. எல்லோருக்கும் ஒரு குழல்.
போதும் என்றால் நன்றி சொல்ல வேண்டும்,
அதுவரை குவளை திரும்பி வரும்.
நானூறு கிலோமீட்டர்
அவள் நன்றி சொல்லவில்லை.

ஒரு காலத்தில் மூன்று நாடுகளோடு மோதி
ஆண்களில் பெரும்பாலோரைப் பறிகொடுத்த தேசம்.
அதனாலோ என்னவோ
தலையெண்ண வருகிறவளுக்கு
நாற்காலி போட்டுவிடுகிறார்கள்.

பள்ளிக்கூட வகுப்பறையில்
மேசைகளைச் சேர்த்துப் போட்டு
அன்றிரவு படுத்தாள்.
வெளியே கொடி படபடத்தது.
அதற்கு இரண்டு முகம்:
இந்தப் பக்கம் நட்சத்திரம்,
அந்தப் பக்கம் சிங்கம்.
எது தெரியும் என்பது காற்றின் பாடு.
சுவரில் அதிபரின் படம்.
ஐந்து வருஷம்தான், மறுமுறை நிற்க முடியாது.
அந்தச் சட்டத்தை எழுதியவர்கள்
முப்பத்தைந்து வருஷம்
ஒருவர் படத்தையே சுவரில் பார்த்தவர்கள்.

காலையில் முதல் வீடு.
மோட்டார் சைக்கிள் சங்கிலியைக் கழற்றிப் போட்டு
எண்ணெய்க் கையோடு நிமிர்ந்தான் தெல்ஃபின்.
(அந்தப் பெயருக்கு ஓங்கில் என்று பொருள்.
கடல் இல்லாத நாட்டில், தண்ணீர் இல்லாத ஊரில்.)
வீட்டுக்குள் நிவாக்லே பேசுவான்,
பால்பண்ணையில் முதலாளிகளின் பழைய ஜெர்மன்,
லாரிக்காரர்களிடம் குவாரனி,
அரசாங்கத்திடம் பெரும்பாலும் எதுவுமில்லை.

படிவத்தின் நெற்றியில் ஸ்பானிஷில் அச்சிட்டிருந்தது:
நாம் எத்தனை பேர் என்று அறிவோம்.
அவள் படித்துக் காட்டினாள்.
அவன் குவாரனியில் கேட்டான்:
இது ஞாண்டேயா, ஒரேயா?

ஞாண்டே என்றால் நாம்.
ஒரே என்றால் நாங்கள்.
ஸ்பானிஷுக்கு இந்த வேறுபாடு தெரியாது,
நமக்குத் தெரியும்.
நம் காதில் ஒற்றுமைபோல் விழும் அந்த ‘ஒரே’
அங்கே, கேட்பவரை வாசலில் நிறுத்திச்
சாத்தும் கதவு.

நிமியா படிவத்தைத் திருப்பிப் பார்த்தாள்.
கூரை ஓடா தகரமா என்று இருந்தது.
குடிநீர் எங்கிருந்து என்று இருந்தது.
இதற்குக் கட்டம் இல்லை.

“தெரியவில்லை” என்றாள்.
பயிற்சி வகுப்பில் சொல்லவே கூடாது என்ற பதில்.

அவன் கையைத் துடைத்துக்கொண்டு
நாற்காலி கொண்டுவந்தான்.

நேற்றிரவு இங்கே தூங்கியவர்கள் எத்தனை பேர்?
மனைவி, அவள் தங்கை, நாலு பிள்ளைகள், தான்.
விரல் மடக்கி ஏழில் நின்றவன்
பள்ளிக்கூடத்தைப் பார்த்தான்.
“கொசு கடித்ததா?”
“கடித்தது.”
“அப்போ எட்டு. எழுது.”

கணக்கெடுப்பவரை அவரவர் வீட்டில்தான் எண்ண வேண்டும்.
விதி பதினொன்று.
மையில் ஏழு என்று எழுதினாள்.
ஓரத்தில், பென்சிலில், சின்னதாக எட்டு.

அசுன்சியோனில் படிவம் வாசிக்கும் இயந்திரத்துக்குப்
பென்சில் தெரியாது.
அவளுக்கும் அது தெரியும்.
அடுத்த வீடு தெரிகிற தூரத்தில் இல்லை.
நடந்தாள்.